ஹாலிஸ்டரில் ஒரு கோணல் சுவர்: நிலம் ஊர்வதை எப்படி அளக்கிறார்கள்?

வடகரை வேலு (இழையைத் தொடங்கியவர்)

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. பேரன் பள்ளிக்குப் போய்விட்டால் எனக்குப் பொழுது நகர்வதில்லை. போன சனிக்கிழமை மருமகன் தெற்கே ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊருக்கு அழைத்துப் போனார். கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கோணல் சுவர் இருக்கிறது மாமா" என்றார்.

உண்மையிலேயே இருக்கிறது. ஊருக்குள் டன் பூங்கா என்று ஒன்று. அதை ஒட்டிய தெருக்களில் நடைபாதை ஓரக்கல் நேராக வருகிறது, ஓரிடத்தில் நெளிகிறது, பிறகு பக்கவாட்டில் தள்ளி மறுபடி நேராகப் போகிறது. ஒரு வீட்டின் முன்சுவர் வில்லாக வளைந்து நிற்கிறது. கொத்தனார் கள் குடித்துவிட்டு வேலை பார்த்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டியபோது நேராகத்தான் இருந்ததாம். கலவெராஸ் பிளவு, அதாவது இருபுற நிலமும் ஒன்றையொன்று உரசி வழுக்கும் பூமியின் வெடிப்பு, அந்தத் தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது, நிலநடுக்கம் ஏதும் இல்லாமலே நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஊர்கிறது என்றார் மருமகன்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். நகர்ந்தது நிலம்தான், கொத்தனார் குற்றமற்றவர் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இப்படி மெல்ல ஊர்ந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் கசிந்துவிடும் அல்லவா, அது நல்லதுதானே? மூன்றாவது கொஞ்சம் சுயநலம்: ஃப்ரீமான்ட் ஊருக்குள்ளும் ஹேவர்ட் பிளவு போகிறதாம். மகள் வீடு அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

---

யாழினி

வணக்கம் ஐயா. புவி வடிவ அளவையியலில் ஆய்வு செய்கிறேன், ஆகவே இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது.

கொத்தனாரைச் சந்தேகித்ததில் நீங்கள் தனியாள் இல்லை. ஹாலிஸ்டருக்குத் தெற்கே சியனேகா பள்ளத்தாக்கில் ஒரு திராட்சை மதுத் தொழிற்சாலை இருக்கிறது. 1948இல் கட்டிய கட்டடம். சில ஆண்டுகளிலேயே கான்கிரீட் தளம் விரிந்தது, சுவர்கள் விலகின. அடித்தளம் சரியில்லை என்றுதான் எண்ணினார்கள். 1956இல் நிபுணர்கள் வந்து பார்த்தபோதுதான் கட்டடம் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரே கட்டடத்தின் ஒரு பாதி பசிபிக் தட்டில், மறுபாதி வட அமெரிக்கத் தட்டில். இடைவெளி ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மி.மீ. கூடிக்கொண்டிருந்தது. வெளியே கழிவுநீர்க் கால்வாயும் அதே கோட்டில், அதே திசையில் ஒடிந்திருந்தது.

உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்தக் கால்வாயில் இருக்கிறது. ஒரு சுவர் கோணினால் கொத்தனார் தப்பு. சுவர், கால்வாய், ஓரக்கல், வேலி எல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் கோணினால் கொத்தனாரை விட்டுவிடலாம்.

அங்கே கருவி வைத்துப் பார்த்ததில் ஒரு வேடிக்கையும் தெரிந்தது. ஊர்வு ஒரே சீராக நடப்பதில்லை. வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. திடீரென்று சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வழுக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

இதை அளக்கும் கருவிக்கு ஊர்வுமானி என்று பெயர். அமைப்பு எளிது. பிளவின் இருபுறமும் தரையில் ஆழமாக இரண்டு தூண்கள் நட்டு, பிளவைச் சாய்கோணத்தில் கடக்கும்படி இடையே ஒரு கம்பியோ தண்டோ போடுவார்கள். நீளம் 30 மீட்டர் வாக்கில். சாதாரணக் கம்பி வெயிலில் நீளும், பனியில் சுருங்கும். அதனால் வெப்பத்துக்கு மசியாத இன்வார் என்ற இரும்பு நிக்கல் கலவையில் செய்வார்கள். இரு கரையும் வழுக்கும்போது கம்பியின் முனை தூணுக்கு எதிரே எவ்வளவு நகர்கிறது என்பதை மின்கருவி படித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு நீண்ட பதில் வேண்டும். இரவில் எழுதுகிறேன்.

---

சங்கிலிக்காரர்

நில அளவைத் துறையில் 34 ஆண்டு. ஓய்வு பெற்று எட்டாண்டு. தம்பி வேலு, தங்கை யாழினி, இருவருக்கும் வணக்கம்.

சர்வே கல் நகர்வதை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே இரவில் நகரும். காரணம் பூமியில்லை, கடப்பாரை. காலையில் போய்க் கேட்டால் "அது எங்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது" என்பார்கள். அதனால் எந்தக் கல்லையும் நான் நம்புவதில்லை. அது நட்ட இடத்தில்தான் இருக்கிறதா என்று அடுத்த இரண்டு கல்லைக் கேட்பேன், அவற்றை அதற்கடுத்த இரண்டிடம் கேட்பேன். இந்தத் தொழிலே இவ்வளவுதான்.

இப்போது கலிஃபோர்னியா. 1906 ஏப்ரல் 18 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஏறக்குறைய 470 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. வேலிகள் அறுந்து மீட்டர்க் கணக்கில் விலகி நின்றன, ஒரு சாலை 20 அடி தள்ளிப்போனது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த வட்டாரத்தை அமெரிக்க அளவைத் துறை முன்பே இரண்டு முறை முக்கோண அளவை (தூரத்து முனைகளை முக்கோணங்களாகக் கோத்து, கோணம் அளந்து இடம் குறிப்பது) செய்திருந்தது: 1850களில் தொடங்கி ஒரு முறை, 1874இலிருந்து 1892 வரை இன்னொரு முறை. கடலில் இருக்கும் ஃபாரலான் தீவுக் கலங்கரை விளக்கமும் அந்த முக்கோணங்களில் ஒரு முனை. நடுக்கம் முடிந்ததும் 1906, 1907இல் மூன்றாம் முறை அளந்தார்கள். மூன்று ஏட்டையும் எடுத்துவைத்து ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர் கணக்குப் பார்த்தார். பிளவிலிருந்து வெகுதூரத்தில் இருந்த முனைகள் நடுக்கம் வருவதற்கு முன்பே, முதல் இரண்டு அளவைகளுக்கு நடுவில், சத்தமில்லாமல் நகர்ந்திருந்தன. அறுந்தது 1906இல். வளைந்தது அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில். 1910இல் அவர் இதை எழுதியதிலிருந்துதான் நிலநடுக்கம் என்பது வளைந்த நிலம் நிமிர்வது என்ற கருத்தே உருவானது.

கவனியுங்கள். முதல் இரண்டு அளவையையும் செய்தவர்கள் நிலநடுக்கத்தை நினைத்துச் செய்யவில்லை. கடலோரப் படம் போடுவதற்காகச் செய்தார்கள். ஆனால் ஏட்டை எறியவில்லை.

---

யாழினி

ஐயா சொன்ன ரீட்தான் இரண்டாவது கேள்விக்கும் வாசல்.

கோரைப் பாய் ஒன்றை இருவர் எதிரெதிர் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயின் நடுவில் வெட்டு இருந்து, வெட்டின் இரு விளிம்பும் தாராளமாக வழுக்கினால் பாய் வளையாது. ஒரு பாதி வடக்கே போகும், ஒரு பாதி தெற்கே போகும். ஊரும் பிளவு இப்படிப்பட்டது. சான் ஆண்ட்ரியாஸில் சான் ஹுவான் பட்டிஸ்டாவுக்கும் பார்க்ஃபீல்டுக்கும் இடைப்பட்ட 150 கிலோமீட்டர் இந்த வகை.

வெட்டை யாரோ கோணி ஊசியால் தைத்துவிட்டார்கள் என்றால்? ஓரங்கள் நகரும், தையல் நகராது, நடுவில் கோரைகள் சாய்ந்துகொண்டே வரும். இது பூட்டிக்கொண்ட பிளவு. 1906இல் கிழிந்த வடபகுதியும் 1857இல் கிழிந்த தென்பகுதியும் இப்படி.

விநோதம் என்னவென்றால், பூட்டிக்கொண்ட பிளவின் மேல் நேரே போய் நின்று அளந்தால் எதுவுமே தெரியாது. சாலைக்கு இந்தப் பக்கக் கல்லும் அந்தப் பக்கக் கல்லும் ஒட்டிப் பிறந்தவைபோலச் சேர்ந்தே போகும். 10 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் தள்ளித் தள்ளி ஜி.பி.எஸ். நிலையங்கள் வைத்து, ஒவ்வொன்றின் வேகத்தையும் வரைந்தால்தான் ஒரு நீண்ட 'S' போன்ற வளைகோடு கிடைக்கும். இரு முனைகளுக்கும் உள்ள வேக வேறுபாடு, ஆழத்தில் பிளவு வழுக்கும் வேகத்தைச் சொல்லும். வளைவு எவ்வளவு அகலமாகப் படிந்திருக்கிறது என்பது பூட்டு எவ்வளவு ஆழம் வரை இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். சான் ஆண்ட்ரியாஸில் பொதுவாக 12 முதல் 15 கிலோமீட்டர் ஆழம். கரிசோ சமவெளியில் ஆழத்தின் வேகம் ஆண்டுக்கு 35 மி.மீ. வாக்கில். அங்கேயே வாலஸ் ஓடை என்ற சிற்றோடை பிளவைக் கடக்கும் இடத்தில் 130 மீட்டர் ஒடிந்து நிற்கிறது. அந்த ஒடிவு உண்டாக ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்று கணித்திருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், அதே 35. செயற்கைக்கோளும் ஓடையும் ஒரே விடையைச் சொல்கின்றன. முதன்முறை இதைப் பார்த்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே ஊர்ந்தால் நல்லதா? ஊரும் அளவைப் பொறுத்தது. உங்கள் ஹேவர்ட் பிளவு தரை மட்டத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 5 மி.மீ. ஊர்கிறது. ஆழத்திலோ ஏறக்குறைய 9 மி.மீ. வேகத்தில் தட்டு நகர்கிறது. மிச்சம் கசியவில்லை, சேர்கிறது. வட்டியைக் கொஞ்சம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், முதல் அப்படியே நிற்கிறது. 1868 அக்டோபரில் அது ஏறத்தாழ 6.8 அளவில் குலுங்கியது.

---

குறுக்குச்சால்

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே கேள்வி. இவ்வளவு அளந்தும் ஒரு நிலநடுக்கத்தையாவது முன்கூட்டிச் சொன்னார்களா? மதுக்கடைத் தளத்தில் மில்லிமீட்டர் எண்ணுவதற்கு இத்தனை செலவா? எங்கள் ஊரில் கைரேகை பார்ப்பவர் இதைவிடக் குறைந்த கூலி வாங்குகிறார்.

---

யாழினி

கேலிக்கு நன்றி. எங்கள் துறையின் பெரிய தோல்வியை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு கைரேகைக்காரரிடம் போகலாம்.

பார்க்ஃபீல்ட் என்பது சான் ஆண்ட்ரியாஸின் மேல் இருக்கும் ஒரு குக்கிராமம். ஊர்ப் பலகையில் மக்கள் தொகை 18 என்று எழுதியிருப்பார்கள். அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறக்குறைய 6 அளவு நடுக்கம் வந்தது. சராசரி 22 ஆண்டு. ஆகவே அடுத்தது 1988 வாக்கில், தள்ளிப்போனாலும் 1993க்குள் என்று அறிவித்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் ஊர் முழுக்கக் கருவிகளை நட்டது. ஊர்வுமானிகள், பாறை நசுங்குவதையும் நீள்வதையும் அளக்க ஆழ்துளைக்குள் இறக்கிய திரிபுமானிகள், நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் கிணறுகள், குன்றின் மேல் இருவண்ண லேசர். ஒளி காற்றில் போகும் வேகம் காற்றின் அடர்த்தியைப் பொறுத்து மாறும், நிறத்துக்கு நிறமும் மாறும். இரண்டு நிறத்தையும் அனுப்பி, வித்தியாசத்தைப் பார்த்தால் காற்றின் குறும்பைக் கழித்துவிடலாம். கிலோமீட்டர்க் கணக்கான தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் தெரியும்.

1988 வந்தது, போனது. 1993 வந்தது, போனது. 2004 செப்டம்பர் 28 காலையில் நடுக்கம் வந்தது. அளவு 6.0. பதினோரு ஆண்டு தாமதம். அதைவிட மோசம், அத்தனை கருவிகளும் விழித்திருந்தும் நம்பத்தக்க முன்னறிகுறி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நிலம் முந்தைய நிமிடம் வரை வழக்கம்போலத்தான் இருந்தது.

எங்கே உடையும், எவ்வளவு பெரியதாக உடையும் என்று சொன்னது சரியாக இருந்தது. எப்போது என்பதில் தோற்றார்கள். நடுக்கம் முடிந்த பிறகும் பிளவு மாதக்கணக்கில் வழுக்கிக்கொண்டே இருந்ததை அந்தக் கருவிகள்தான் காட்டின. அதை வேறு எப்படியும் பார்த்திருக்க முடியாது. இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீண் என்று நீங்கள் சொல்வதையும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

---

சங்கிலிக்காரர்

யாழினி பெருந்தன்மையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார். இதைவிடக் கசப்பான இன்னொரு கதை இருக்கிறது, அது எங்கள் லெவல் கருவிக்காரர்களின் கதை.

1976இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் பாம்டேல் என்ற ஊரை ஒட்டிப் பெரும்பரப்பு நிலம் கால் மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியிருக்கிறது என்று அறிவித்தார்கள். சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேலேயே. ஊர் பதறியது. பத்திரிகைகள் அதற்கு 'பாம்டேல் வீக்கம்' என்று பெயர் வைத்தன. ஆதாரம் பல பத்தாண்டுகளாகச் சாலையோரம் எடுத்த லெவல் அளவைகள்.

பிறகு சந்தேகம் கிளம்பியது. லெவல் எடுப்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் கருவி, முன்னால் ஓர் அளவுத் தண்டு, பின்னால் ஒரு தண்டு. இரண்டையும் படித்துக் கழித்தால் ஏற்றம் தெரியும். மலைச்சரிவில் ஏறும்போது மேட்டுப் பக்கத் தண்டில் பார்வைக்கோடு தரையை உரசிக்கொண்டு போகும், பள்ளத்துப் பக்கத்தில் உயரே போகும். வெயிலில் தரையை ஒட்டிய காற்று கொதிக்கும், பார்வைக்கோடு அங்கே வளையும். கானல்நீர் தெரிவதும் இதே காரணத்தால்தான். இருபக்க வளைவும் சமமாக இல்லாததால் பிழை கழிவதில்லை, ஏற ஏறக் கூடுகிறது. பழைய அளவையில் கருவிக்கும் தண்டுக்கும் இடைவெளி அதிகம், பிந்தைய அளவையில் குறைவு. ஆகவே இரண்டிலும் பிழை வேறு வேறு. கழித்துப் பார்த்தால் மலை வளர்ந்ததுபோலத் தெரியும்! தண்டுகளின் அளவுக்குறிகளிலேயே கோளாறு என்று வேறு சிலர் எழுதினார்கள். வீக்கத்தின் பெரும்பங்கு காற்றிலும் தண்டிலும் இருந்ததா, நிலத்திலும் கொஞ்சம் இருந்ததா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை.

குறுக்குச்சால் தம்பி, கைரேகைக்காரர் தன் பூதக்கண்ணாடியைச் சந்தேகித்து எப்போதாவது கட்டுரை எழுதியிருக்கிறாரா?

---

குறுக்குச்சால்

இல்லை ஐயா. ஆனால் அவர் ஊரைப் பதறவைக்கவும் இல்லை.

---

சங்கிலிக்காரர்

அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

---

கட்டடக் கலா

நான் கட்டமைப்புப் பொறியாளர். 'எப்போது' என்பதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எங்களுக்கு வேண்டியது வேறு: கோடு எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் 1923இல் கட்டியது. ஹேவர்ட் பிளவு அதன் நடுவில் போகிறது. சுவர்களில் விரிசல் கூடிக்கொண்டே வந்தது. 2012இல் சீரமைத்துத் திறந்தபோது, பிளவு கடக்கும் இரண்டு இடங்களில் கட்டடத்தை வெட்டித் தனித் துண்டுகளாக விட்டுவிட்டார்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பும் மணலும். நிலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வழுக்கினாலும் அந்தத் துண்டு மட்டும் திரும்பிக்கொள்ளும், பக்கத்துப் படிக்கட்டுகளை இழுக்காது.

அலாஸ்கா எண்ணெய்க் குழாய் இன்னும் நல்ல உதாரணம். டெனாலி பிளவைக் கடக்கும் இடத்தில் குழாயைத் தரைக்கு மேலே நீண்ட தண்டவாளங்கள் போன்ற உத்தரங்களில் வழுக்கும்படி வைத்தார்கள். 1970களில் செய்த வடிவமைப்பு. 2002 நவம்பர் 3இல் 7.9 அளவு நடுக்கம் வந்து நிலம் அங்கே நான்கு மீட்டருக்கு மேல் விலகியது. ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. தேதியை யாரும் சொல்லவில்லை, தேவையும் படவில்லை.

வேலு அண்ணா, ஃப்ரீமான்ட் வீட்டைப் பற்றி: இரண்டு கிலோமீட்டர் என்றால் பிளவு வீட்டைக் கிழிக்காது, ஆனால் நன்றாகக் குலுக்கும். வீட்டுச் சட்டம் அடித்தளத்தோடு போல்ட் போட்டு இணைந்திருக்கிறதா, வெந்நீர்க் கொதிகலன் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா, இந்த இரண்டையும் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர்வுமானியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

---

இளநிலை இரண்டாமாண்டு

எனக்கு ஒரு சந்தேகம். இந்தியத் தட்டு ஆண்டுக்கு 5 செ.மீ. வடகிழக்கே நகர்கிறது என்று பாடத்தில் படித்தேன். ஹேவர்ட் வெறும் 5 மி.மீ. அப்படியென்றால் தமிழ்நாடு பத்து மடங்கு ஆபத்தில் இருக்க வேண்டுமே?

---

யாழினி

நல்ல கேள்வி தம்பி. பஸ் ஓடுகிறது, உள்ளே இருக்கும் நீங்கள் மண்டையை இடித்துக்கொள்கிறீர்களா? எல்லோரும் சேர்ந்து போகிறோம். மதுரையும் சென்னையும் பெங்களூரும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் மாறுவதே இல்லை என்னும் அளவுக்கு மிகக் குறைவாக மாறுகிறது. நிலத்தை முறிப்பது நகர்வு இல்லை, பக்கத்துக் கல்லோடு ஏற்படும் வேக வேறுபாடு. நம் பஸ் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இமயமலை. நேபாளத்தில் மட்டும் ஆண்டுக்கு 20 மி.மீ. வாக்கில் நெருங்குகிறது. தீபகற்பத்தில் நடுக்கமே வராது என்று இதற்குப் பொருளில்லை. லாத்தூரில் 1993இல் வந்தது. மெல்ல வளைவதை அளந்து பிடிக்கும் அளவுக்கு இங்கே வேகம் இல்லை என்பதுதான் பொருள்.

---

சங்கிலிக்காரர்

தமிழ்நாடு என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மட்டுறுத்துநர் பொறுத்துக்கொள்ளவும்.

இந்தியாவின் பெருமுக்கோண அளவைக்குச் சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802இல் லாம்டன் என்ற அளவையாளர் அடிக்கோடு (முக்கோணங்களுக்கு ஆதாரமாக நேரடியாக அளக்கும் முதல் கோடு) போட்டார். ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்தைச் சங்கிலியால் அளந்தார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிய கதையும் உண்டு. அவரே உட்கார்ந்து தட்டித் தட்டி நிமிர்த்தினாராம்.

அந்த முக்கோணங்கள் வளர்ந்து வளர்ந்து அசாம் வரை போயின. 1897 ஜூன் 12இல் அசாமில் மாபெரும் நிலநடுக்கம். உடனே அந்தப் பகுதியை மறுபடி அளந்தார்கள். ஷில்லாங் மேட்டுநிலத்தில் குன்றுகளின் உச்சியில் இருந்த முனைகள் இடம் மாறியிருந்தன. அந்த ஏடுகளை நூறாண்டு கழித்து, 2001இல், ரோஜர் பில்ஹாமும் ஃபிலிப் இங்லண்டும் எடுத்துக் கணக்குப் போட்டு, மேட்டுநிலத்தின் வடவிளிம்பில் தரைக்கு வெளியே தெரியாமல் புதைந்திருக்கும் ஒரு பிளவைக் கண்டுபிடித்தார்கள். ஏட்டை எறியாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

---

மட்டுறுத்துநர்

பொறுத்துக்கொண்டோம். தஞ்சாவூரிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு யாராவது திரும்பி வாருங்கள்.

---

வடகரை வேலு

திரும்புகிறேன். செயற்கைக்கோள் படத்திலேயே இந்த ஊர்வு தெரிகிறது என்கிறார் மருமகன். 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மில்லிமீட்டரா? நான் வங்கியில் இருந்தவன், பைசாவைக்கூட நம்புவேன், இதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

---

யாழினி

நம்பாததே நல்லது. நம்பும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ரேடார் செயற்கைக்கோள் ஓர் அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை வாங்குகிறது. தூரத்தை முழுதாக மில்லிமீட்டர் சுத்தமாக அளப்பதில்லை. திரும்பி வந்த அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பன்னிரண்டு நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி குறிக்கிறது. நிலம் நகர்ந்திருந்தால் கட்டம் மாறியிருக்கும். இரண்டு படத்தையும் கழித்தால் வண்ண வளையங்களாகத் தெரியும். அலைநீளம் 5.6 செ.மீ. என்றால் ஒரு வளையம் 2.8 செ.மீ. நகர்வு, ஏனென்றால் அலை போகவும் வரவும் இரண்டு முறை அந்தத் தூரத்தைக் கடக்கிறது. 1992இல் கலிஃபோர்னியாவின் லாண்டர்ஸ் நடுக்கத்தை ஐரோப்பியச் செயற்கைக்கோளான ஈ.ஆர்.எஸ்.-1 இப்படிப் படம் பிடித்ததுதான் தொடக்கம்.

இனி இதன் பொய்கள். நடுவில் ஈரக்காற்று இருந்தால் அலை தாமதமாகும், நிலம் சில சென்டிமீட்டர் தாழ்ந்ததுபோலக் காட்டும். சங்கிலிக்காரர் ஐயாவின் கானல்நீர் விண்வெளிக்கும் வந்துவிட்டது. ஆகவே ஒரே ஜோடியை நம்பாமல் நூற்றுக்கணக்கான படங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். அடுத்து, வயலில் பயிர் வளர்ந்தால் இரண்டு படமும் ஒத்துப்போகாது. மூன்றாவது, இந்தச் செயற்கைக்கோள்கள் வடக்கு தெற்காகச் சுற்றிப் பக்கவாட்டில் பார்ப்பவை. நேர் வடக்கே நகரும் நிலம் அவற்றின் கண்ணில் அநேகமாகப் படவே படாது. நான்காவது, கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் விவசாயிகள் நிலத்தடி நீரை உறிஞ்சி நிலத்தையே கீழே இறக்குகிறார்கள். அந்த இறக்கம் பிளவின் ஊர்வைவிடப் பல மடங்கு பெரியது. ஜி.பி.எஸ்.ஸுக்கும் இதேபோல ஒரு தொந்தரவு உண்டு: 2014 வறட்சியில் நீரின் எடை குறைந்து மேற்கு அமெரிக்க மலைகள் சில மில்லிமீட்டர் நிமிர்ந்தன. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பிளவின் பேச்சு.

பயிர்ப் பிரச்சினைக்கு நீள அலை உதவும், இலைகளுக்குள் புகுந்து தரையைத் தொடும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏற்றிச்சென்ற நிசார் செயற்கைக்கோள் அப்படிப்பட்டது. நாசாவின் ரேடாருக்கு 24 செ.மீ. அலை, இஸ்ரோவின் ரேடாருக்கு அதைவிடக் குட்டை அலை, இரண்டுக்கும் பொதுவாக 12 மீட்டர் குடை போன்ற அலைவாங்கி. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து கிளம்பிய கோள் உங்கள் மகள் வீட்டுக் கூரையை அளக்கும்.

---

சங்கிலிக்காரர்

விண்வெளிக்குப் போனாலும் கடைசியில் தரையில் ஒரு கல் வேண்டும். அந்த ஜி.பி.எஸ். நிலையங்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? நேராக ஒரு கம்பி, சாய்வாக நான்கு கம்பி, ஒவ்வொன்றும் பத்து மீட்டர் வரை தரைக்குள் போகும். மேல்மண் தொடாமல் இருக்கக் குழாய் போர்த்தியிருப்பார்கள். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அந்த ஆட்டத்தைப் பூமியின் ஆட்டம் என்று எழுதிவிடக் கூடாது. என் கல்லும் கடப்பாரையும் கதையேதான்.

---

கட்டடக் கலா

கல்லைப் பற்றிச் சொன்னதால் நினைவு வருகிறது. ஹேவர்ட் ஊரில் ரோஸ் தெருவும் பிராஸ்பெக்ட் தெருவும் சேரும் மூலையில் ஓர் ஓரக்கல் இருந்தது. 1970களிலிருந்து புவியியலாளர்கள் அதைத் தொடர்ந்து படம் எடுத்து வந்தார்கள். நேராக இருந்த கல் மெல்ல மெல்ல விலகிப் போவதைப் படவரிசையில் பார்க்கலாம். 2016இல் நகராட்சி ஆட்கள் வந்து, கல் கோணலாக இருக்கிறதே என்று பெயர்த்தெடுத்துவிட்டு, சக்கர நாற்காலிகளுக்கு வசதியாகச் சரிவு போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லி வைக்கவில்லை. புவியியலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

---

வடகரை வேலு

அடடா. அப்படியானால் ஹாலிஸ்டர்க் கல்லை நானாவது அளந்து வைக்கட்டுமா? என்னிடம் தச்சு டேப் ஒன்று இருக்கிறது. எப்படி அளப்பது?

---

சங்கிலிக்காரர்

தாராளமாக. கோணல் இருக்கும் இடத்தில் அளக்காதீர்கள், அங்கே கல் உடைந்து குழம்பியிருக்கும். இருபுறமும் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் கல் நன்றாக நேராக இருக்கும் பகுதியைப் பிடியுங்கள். ஒரு பக்க நேர்கோட்டில் நூல் கட்டி, விறைப்பாக இழுத்து மறுபக்கம் வரை நீட்டுங்கள். நூலுக்கும் மறுபக்கக் கல்லுக்கும் உள்ள இடைவெளிதான் விலகல். பிறகு மறுபக்கத்திலிருந்து நூலைக் கட்டித் திரும்பவும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள், பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள். அமெரிக்காவில் நடைபாதை போட்ட ஒப்பந்தக்காரர் பெயரையும் ஆண்டையும் சிமென்டில் முத்திரை குத்தும் வழக்கம் உண்டு. அது கிடைத்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துவிடலாம். படம் எடுத்தால் தேதி, நேரம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று குறியுங்கள்.

---

வடகரை வேலு

இன்று போய் வந்தேன். மருமகனுக்கு வேலை, ஆகவே மகள் ஓட்டினாள். நூலின் ஒரு முனையைப் பேரன் பிடித்துக்கொண்டான்.

வடக்கிலிருந்து அளந்தால் ஒரு சாணுக்கு இரண்டு விரல் கூடுதல். தெற்கிலிருந்து அளந்தால் சரியாக ஒரு சாண். பிடித்தது எது என்று எனக்கே தெரியாததால் இரண்டையும் எழுதிவிட்டேன். சென்டிமீட்டர்க் கணக்கு நோட்டில் இருக்கிறது, படத்தோடு போடுகிறேன். முத்திரை கிடைத்தது. ஒப்பந்தக்காரர் பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. ஆண்டில் '19' மட்டும் தெரிகிறது, மீதி இரண்டு இலக்கத்தில் மரத்தின் வேர் ஏறியிருக்கிறது.

நாங்கள் குனிந்து நூல் பிடித்ததைப் பார்த்து ஒரு மூதாட்டி வீட்டிலிருந்து வெளியே வந்தார். "நகராட்சியிலிருந்தா? எப்போது இதை நேராக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் நகராட்சி இல்லை அம்மா, தயவுசெய்து யாரையும் நேராக்க விடாதீர்கள் என்று மகள் சொன்னாள். அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

---

சங்கிலிக்காரர்

படம் பார்த்தேன். டேப்பின் பூஜ்யம் உங்கள் பேரனின் காலணிக்குக் கீழே இருக்கிறது. மறுபடி எடுங்கள்.